திருச்சிராப்பள்ளி மலைக்கோயில் – காவிரியைப் பார்த்த கல்வெட்டும் கட்டடக்கலையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோயில் என்பது காவிரியின் தென்கரையில், திருச்சி மாநகரின் நடுவே எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறையின் மேலும் அதன் சரிவிலும் அமைந்துள்ள கோயில்களின் தொகுதியாகும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார் எனப் படிப்படியாக வழிபாட்டிடங்கள் அமைந்துள்ளன. இவற்றுடன் பல்லவர் காலக் குடைவரை ஒன்றும் பாண்டியர் காலக் குடைவரை ஒன்றும் இதே மலையில் உள்ளன. பொதுமக்கள் வழக்கில் இது 'மலைக்கோட்டை' எனப்படுகிறது.

தமிழகத்தில் மலைமேல் அமைந்த கோயில்கள் பல உண்டு. பெரம்பலூர் மாவட்டத்திலேயே செட்டிகுளத்தில் சிறு குன்றின் மேல் தண்டாயுதபாணி கோயிலும், கீழே ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயிலும் உள்ளன. ஆனால் ஒரு கோயில் ஏன் மலைமேல் அமைக்கப்பட்டது என்பதற்கான காரணத்தை அதை அமைத்த அரசனே கல்லில் எழுதி வைத்த இடங்கள் மிகக் குறைவு. திருச்சி மலை அத்தகைய ஓர் இடம். அங்கே சொல்லப்பட்டுள்ள காரணம் காவிரி. இந்த மலையின் வரலாறு முழுவதையும் காவிரி யார் கையில் இருந்தது என்ற கேள்வியோடு சேர்த்துப் படிக்கலாம்.

அமைவிடம்

பாறையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். சமவெளியின் நடுவே தனித்து நிற்பதால் வெகு தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். பெரம்பலூரிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. பயணம் செய்து, கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிக்குள் நுழைவோர் பாலத்தின் மேலிருந்தே இதைக் காணலாம். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. எனவே இம்மலையின் வரலாறு அப்பகுதி மக்களின் வரலாறும் ஆகும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் உள்ளன. கிழக்கே கல்லணை. அதற்கு அப்பால் சோழநாட்டு நெல்வயல்கள். மலையின் உச்சியில் நின்றால் இந்த நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். பழைய சோழர் தலைநகரான உறையூர் மலைக்கு மேற்கே மிக அருகில் உள்ளது. இந்த அமைவிடமே மலையின் அரசியல் முக்கியத்துவத்துக்குக் காரணம்.

பெயர்க்காரணம்

தேவாரத்தில் இத்தலம் 'சிராப்பள்ளி' என அழைக்கப்படுகிறது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இதைப் பாடியுள்ளனர். 'திரு' என்ற அடைமொழி சேர்ந்து திருச்சிராப்பள்ளி ஆயிற்று.

'சிரா' என்பதற்கு இருவகை விளக்கம் தரப்படுகிறது. திரிசிரன் என்ற மூன்று தலை அசுரன் சிவனை வழிபட்ட இடம் என்பது தலபுராணக் கருத்து. மலை உச்சிக்கு அருகே, பாறைக் குகைத்தளத்தில் சமணத் துறவியர் தங்கியதற்கான கற்படுக்கைகள் உள்ளன. அங்கே பழைய எழுத்தில் 'சிரா' என்ற பெயர் வெட்டப்பட்டுள்ளது. 'பள்ளி' என்ற சொல் சமணர் உறைவிடத்தைக் குறிப்பதால், சிரா என்ற துறவியின் பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒரு செய்தி உறுதியாகிறது. சைவக் கோயில் எழுவதற்கு முன்பே இந்த மலை துறவியர் வாழ்ந்த இடமாக இருந்தது.

பல்லவர் குடைவரை: லலிதாங்குர பல்லவேசுவரம்

தாயுமானவர் கோயிலைக் கடந்து உச்சிக்குச் செல்லும் வழியில் தெற்கு நோக்கிய குடைவரை ஒன்று உள்ளது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி செய்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இதைக் குடைவித்தான். 'லலிதாங்குரன்' என்பது அவனது விருதுப்பெயர்களுள் ஒன்று. அதனால் இக்குடைவரை லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் எனப் பெயர் பெற்றது.

அதற்கு முன் தமிழகக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல், மரம், சுண்ணாம்பு ஆகியவற்றால் கட்டப்பட்டன. அவை காலத்தால் அழிந்தன. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குடைவரைக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் ஒரு கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்மனின் பெருமையைப் பேசுகிறது. அங்கு அவன் 'விசித்திரசித்தன்' என்ற பெயரால் குறிக்கப்படுகிறான். புதுமை விரும்பும் உள்ளத்தினன் என்பது இதன் பொருள். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி அங்கத நாடகத்தை எழுதியவனும் இவனே.

மகேந்திரவர்மனின் குடைவரைகளுள் பல தொண்டை நாட்டிலும் அதை ஒட்டியும் உள்ளன. திருச்சிக் குடைவரை அவற்றிலிருந்து வெகு தெற்கே, காவிரிக் கரையில் அமைந்துள்ளது. இது அவனது ஆட்சி எல்லையைக் காட்டும் சின்னமாகவும் விளங்குகிறது.

அமைப்பு

குடைவரையின் முகப்பில் நான்கு முழுத் தூண்களும் இரு ஓரங்களில் அரைத் தூண்களும் உள்ளன. தூண்கள் மகேந்திரவர்மன் காலப் பாணியின் தெளிவான எடுத்துக்காட்டுகள். அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மீண்டும் சதுரம் என்பது அவற்றின் அமைப்பு. சதுரப் பகுதிகளில் தாமரைப் பதக்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தூணின் மேல் உத்திரத்தைத் தாங்குவது போலப் போதிகை அமைந்துள்ளது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே பாறையைக் குடைந்து செய்யப்பட்ட கூடத்தில் தூணோ உத்திரமோ எதையும் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. பாறையே தன்னைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும் சிற்பிகள் மரக் கட்டடத்தில் தாம் பழகிய தூணையும் போதிகையையும் உத்திரத்தையும் கல்லில் அப்படியே வடித்தனர். அழிந்துபோன மரக் கோயில்கள் எப்படி இருந்தன என்பதை இன்று நாம் ஊகிக்க உதவுபவை இந்தக் கல் வடிவங்களே.

கருவறை கிழக்குச் சுவரில் குடையப்பட்டு மேற்கு நோக்கியுள்ளது. இன்று அதனுள் இறைவடிவம் எதுவும் இல்லை. கருவறைக்கு நேர் எதிரே, மேற்குச் சுவரில், புகழ்பெற்ற கங்காதரர் சிற்பம் உள்ளது.

கங்காதரர் சிற்பம்

பகீரதனின் தவத்தால் வானிலிருந்து இறங்கிய கங்கையைச் சிவன் தன் சடையில் தாங்கிய கதையே இச்சிற்பத்தின் பொருள். நான்கு கைகளுடன் சிவன் நிற்கிறார். ஒரு கை சடைக்கற்றை ஒன்றைப் பிடித்து நீட்டியுள்ளது. அதன்மேல் கங்கை சிறிய பெண் வடிவில் இறங்குகிறாள். மற்றொரு கையில் நாகம் உள்ளது. ஒரு கை இடையில் ஊன்றியுள்ளது. ஒரு காலை நேராக ஊன்றி, மறுகாலைத் தூக்கிப் பூதகணம் ஒன்றின் தலைமேல் வைத்துள்ளார். சுற்றிலும் மண்டியிட்டோரும் மேலே பறந்து வருவோரும் வணங்கும் நிலையில் காட்டப்பட்டுள்ளனர்.

பெருவெள்ளமாக வரும் ஆற்றைத் தாங்குபவரின் முகத்தில் சிரமத்தின் சாயல் இல்லை. அமைதியே தெரிகிறது. பல்லவர் காலத் தொடக்கச் சிற்பங்களுள் இது தலைசிறந்த ஒன்றாகக் கலை வரலாற்றாசிரியர்களால் மதிக்கப்படுகிறது. பிற்காலத்தில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் இடம்பெற்ற கங்காதரர் வடிவத்துக்கு இது முன்னோடி.

கல்வெட்டு சொல்வது என்ன?

கங்காதரர் சிற்பத்தின் இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றை ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஊல்ச் படித்து, 1890இல் வெளியான 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் பதிப்பித்தார். அரசன் இவற்றில் குணபரன், சத்தியசந்தன், புருஷோத்தமன் ஆகிய பெயர்களால் குறிக்கப்படுகிறான்.

செய்யுள் ஒன்றின் கருத்து இது: தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர்களின் வளத்தையும் காவிரி ஆற்றையும் எவ்வாறு காண்பேன் என்று சிவன் கேட்கிறார். அதற்காகவே அரசன் மேகத்தைத் தொடும் இந்த மலை இருப்பிடத்தை அவருக்கு அளித்தான்.

இன்னொரு செய்யுளின் கருத்து மேலும் சுவையானது. சிவன் ஆறுகளை விரும்புபவர். கங்கையை ஏற்கெனவே தலையில் வைத்திருப்பவர். அழகிய காவிரியைக் கண்டால் அவளையும் விரும்பிவிடுவாரோ என்று மலைமகளுக்கு ஐயம் வருகிறது. எனவே தந்தையான இமயத்தின் வீட்டை விட்டு வந்து இம்மலையிலேயே தங்கிக்கொள்கிறாள். இந்தக் காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இது வெறும் கவிநயம் அன்று. காவிரியைப் பல்லவனின் காதலி என்று சொல்வது, ஆறு பாயும் நாடு பல்லவனுடையது என்று சொல்வதாகும். மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு சோழநாட்டைக் கைப்பற்றித் தன் ஆட்சியைக் காவிரி வரை விரித்தவன். மகன் அந்த உரிமையைச் சோழரின் பழைய தலைநகரான உறையூருக்குப் பக்கத்திலேயே, எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் பாறையில் எழுதி வைத்தான்.

அந்த உரிமை எளிதாக நிலைத்துவிடவில்லை. மகேந்திரவர்மனின் காலத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி தெற்கே படையெடுத்தான். கி.பி. 634ஆம் ஆண்டைச் சேர்ந்த அய்கொளெக் கல்வெட்டு, புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாகவும், காவிரியைக் கடந்ததாகவும், சோழர், சேரர், பாண்டியரோடு நட்புக் கொண்டதாகவும் கூறுகிறது. பல்லவன் 'என்னுடையவள்' என்று பாடிய ஆற்றை எதிரியும் குறிப்பிட்டுப் பெருமை கொள்கிறான். அக்காலத் தென்னிந்திய அரசியலில் காவிரியைக் கடப்பதும் காப்பதும் எத்தனை பெரிய செய்தியாக இருந்தது என்பதை இரு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் உணரலாம்.

மகேந்திரவர்மன் சமயம் மாறினானா?

இதே கல்வெட்டில் உள்ள மற்றொரு செய்யுள் நீண்ட விவாதத்துக்கு உரியது. லிங்கத்தை வழிபடும் குணபரன் என்ற அரசன், மாற்றுப் பக்கத்திலிருந்து திரும்பியதால் பெற்ற ஞானம் இந்த லிங்கத்தால் உலகில் பரவட்டும் என்பது அதன் கருத்து. 'மாற்றுப் பக்கம்' என்பது சமணத்தைக் குறிப்பதாகவும், மகேந்திரவர்மன் சமணத்தைவிட்டுச் சைவனானதற்கு இது சான்று எனவும் பல வரலாற்றாசிரியர் எழுதினர்.

இக்கருத்துக்குத் துணையாகப் பெரியபுராணம் காட்டப்படுகிறது. திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் பின்னர் சைவனாகி, திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை எழுப்பினான் என்று சேக்கிழார் பாடுகிறார். குணபரன் என்ற பெயர் இரண்டிலும் ஒத்துவருகிறது. ஆனால் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் 500 ஆண்டு இடைவெளி உள்ளது.

மேலும், செய்யுளில் வரும் லிங்கம், லிங்கி, விபட்சம் ஆகியவை இந்தியத் தருக்க நூல்களின் கலைச்சொற்களும் ஆகும். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, ஒரு குறியைக் கொண்டு ஓர் உண்மையை அறியும் முறையில் 'லிங்கம்' என்றால் அடையாளம். 'விபட்சம்' என்றால் எதிர்மறை எடுத்துக்காட்டு. நாடகம் எழுதிய, சொல்விளையாட்டில் தேர்ந்த அரசன் இருபொருள்பட எழுதியிருக்கிறான் என்பதில் ஐயமில்லை. எனவே இச்செய்யுளை மட்டும் கொண்டு சமய மாற்றத்தை உறுதி செய்ய முடியாது என்போரும் உள்ளனர்.

கங்காதரர் சிற்பம் பற்றியும் இதுபோன்ற கருத்து உண்டு. மலையுச்சியில் இறைவனின் கல்வடிவை அமைத்ததன் மூலம் அரசன் தன்னையும் அவரோடு நிலைபெறச் செய்தான் என்று ஒரு செய்யுள் கூறுகிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லாக்வுட் முதலிய ஆய்வாளர், கங்காதரர் முகத்தில் மகேந்திரவர்மனின் சாயலே வடிக்கப்பட்டுள்ளது என்று கருதினர். கங்கையைத் தாங்கும் சிவனைப் போலக் காவிரியைத் தாங்கும் அரசன் என்ற உவமை இதில் அடங்கியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் ஆற்றைத் தாங்கும் இறைவனின் சிற்பமும், ஆற்றுக்கு உரிமை கோரும் செய்யுளும் ஒரே சுவரில் அமைந்திருப்பது தற்செயல் என்று கொள்வது கடினம்.

பாண்டியர் குடைவரை

மலையின் தென்புற அடிவாரத்தில் மற்றொரு குடைவரை உள்ளது. இது 'கீழ்க் குடைவரை' எனப்படுகிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடையப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

இதன் அமைப்பு மேல் குடைவரையிலிருந்து வேறுபட்டது. மண்டபத்தின் கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிராக இரண்டு கருவறைகள் உள்ளன. ஒன்று சிவனுக்கு உரியது. மற்றொன்று திருமாலுக்கு உரியது. பின்சுவரில் பிள்ளையார், முருகன், நான்முகன், சூரியன், கொற்றவை ஆகிய ஐவரின் வடிவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவ்வாறு ஒரே மண்டபத்தில் ஏழு தெய்வங்கள் இடம்பெறுகின்றன. அக்காலச் சமய வழிபாடுகள் ஒன்றையொன்று விலக்காமல் அருகருகே நிகழ்ந்ததற்கு இது நல்ல சான்று.

பாண்டியர் இங்கு வந்ததற்கும் காவிரியே காரணம். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பல்லவரும் பாண்டியரும் காவிரிக் கரையில் மாறி மாறிப் போரிட்டனர். பாண்டிய மன்னன் மாறஞ்சடையன், வேம்பில் என்ற ஊரின் மதிலை அழித்து, நியமம் என்ற இடத்தில் தங்கியிருந்தபோது இம்மலைக் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறும் கல்வெட்டு உள்ளது. போர்ப் பாசறையிலிருந்து கோயிலுக்குக் கொடை வந்திருக்கிறது. காஞ்சியின் அரசன் உயரத்தில் தன் உரிமையை எழுதினான். மதுரையின் அரசர் அதே பாறையின் அடியில் தம் அடையாளத்தைப் பதித்தனர்.

சிராமலை அந்தாதி

மேல் குடைவரையின் பின்சுவரில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் செய்யுள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 'சிராமலை அந்தாதி' எனப்படும் இந்நூலை இயற்றியவர் வேம்பையர்கோன் நாராயணன். ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக வரும் அந்தாதி அமைப்பில் இது உள்ளது.

பழந்தமிழ் நூல்களுள் பெரும்பாலானவை ஓலைச்சுவடி வழியாகவே நமக்குக் கிடைத்தன. சுவடியைப் படி எடுப்போர் கையில் சொற்கள் மாறுவது உண்டு. முழு நூல் ஒன்று கல்லிலேயே எழுதப்பட்டு, அதே இடத்தில் ஆயிரம் ஆண்டாக நிலைத்திருப்பது அரிது. ஒரே குடைவரையில் பல்லவ அரசனின் வடமொழிச் செய்யுளும், பின்வந்த தமிழ்ப் புலவரின் அந்தாதியும் சேர்ந்து காணப்படுவது இவ்விடத்தின் தனிச்சிறப்பு.

குடைவதிலிருந்து கட்டுவதற்கு

கி.பி. 880 அளவில் நடந்த திருப்புறம்பியம் போரில் பாண்டியர் தோற்றனர். அதன் பின் சோழர் எழுச்சி பெற்றனர். காவிரி மீண்டும் சோழர் கைக்கு வந்தது. கோயில் கட்டும் முறையும் மாறியது. மலை இருக்கும் இடத்தில்தான் குடைவரை அமைக்க முடியும். கல்லை வெட்டி எடுத்து வந்து அடுக்கும் கற்றளி முறை பரவியதும், மலையில்லாச் சமவெளியிலும் கற்கோயில்கள் எழுந்தன.

அரியலூர் மாவட்டம் இந்த மாற்றத்தைக் காண ஏற்ற இடம். மேலப்பழுவூர், கீழையூர்ப் பகுதியில் பழுவேட்டரையர் காலக் கற்றளிகள் உள்ளன. ஜெயங்கொண்டம் அருகே முதலாம் இராசேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. இவ்விரண்டு இடங்களையும் திருச்சி மலையோடு சேர்த்துப் பார்த்தால், குடைதலில் தொடங்கிச் சிறு கற்றளி வழியாகப் பெருங்கோயில் வரை சென்ற 400 ஆண்டு வளர்ச்சி ஒரே வட்டாரத்துக்குள் கிடைத்துவிடும்.

கருத்தளவிலும் ஓர் ஒப்புமை உண்டு. மகேந்திரவர்மன் கங்கைக் கதையைக் கல்லில் வடித்துக் காவிரிக்கு உரிமை கொண்டாடினான். இராசேந்திரன் தன் படையை வடக்கே அனுப்பிக் கங்கை நீரையே கொண்டுவரச் செய்தான். அதைப் புதிய தலைநகரின் அருகில் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரியில் சேர்த்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. காவிரிக் கரையில் எழுந்த கங்காதரர் சிற்பத்துக்கும், கொள்ளிடத்துக்கு வடக்கே வெட்டப்பட்ட சோழகங்கத்துக்கும் இடையே நான்கு நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஆற்றை வைத்து அரசுரிமையைப் பேசும் முறை மட்டும் மாறவில்லை.

தாயுமானவர் கோயில்

மலையின் நடுப்பகுதியில் உள்ள தாயுமானவர் கோயிலே இத்தொகுதியில் மிகப் பெரியது. இறைவன் தாயுமானவர், வடமொழியில் மாத்ருபூதேசுவரர். செவ்வந்திநாதர் என்ற பெயரும் உண்டு. இறைவி மட்டுவார்குழலி. பாறையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மண்டபங்களும் சுற்றுகளும் வெவ்வேறு மட்டங்களில் அமைக்கப்பட்டுள்ளன. சமவெளிக் கோயிலில் வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்லக் கருவறையை நெருங்குகிறோம். இங்கு கீழிருந்து மேலே ஏற ஏற நெருங்குகிறோம். படிகளில் பெரும்பகுதி மூடிய பாதையாகப் பாறைக்கும் மண்டபங்களுக்கும் இடையே செல்கிறது. அடிவாரம் முதல் உச்சி வரை 400க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன.

தாயுமானவர் என்ற பெயருக்கான கதை காவிரியோடு பிணைந்தது. பூம்புகாரிலிருந்து வந்து திருச்சியில் வாழ்ந்த வணிகக் குலப் பெண் இரத்தினாவதி. அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. உதவிக்குப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அப்போது சிவனே தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து நின்றபோதுதான் முன்பு வந்தவர் யார் என்பது தெரிந்தது.

அரசர்கள் கல்வெட்டில் காவிரியை உடைமையாகப் பேசினர். மக்கள் கதையில் அதே காவிரி தாயையும் மகளையும் பிரிக்கும் வெள்ளமாக வருகிறது. பாலம் இல்லாத காலத்தில் ஆற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்தின் நினைவு இக்கதையில் உள்ளது. இன்றும் பேறுகாலம் நலமாக முடிய வேண்டிக்கொள்வோர் தாயுமானவருக்கு வாழைத்தார் படைக்கின்றனர். ஆண்டுத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற நிகழ்ச்சியும் நடைபெறுகிறது.

கருவறை மேற்கு நோக்கியுள்ளது. இதற்கும் ஒரு கதை உண்டு. சாரமா முனிவர் இறைவனுக்கென வளர்த்த செவ்வந்திப் பூக்களை உறையூர் அரசனுக்காகப் பறித்தனர். முனிவர் முறையிட, இறைவன் உறையூர் இருக்கும் மேற்குத் திசை நோக்கித் திரும்பினார். மண்மாரியால் உறையூர் அழிந்தது. பழம்பெருமை மிக்க தலைநகர் ஏன் மங்கியது என்ற கேள்விக்கு மக்கள் சொல்லிக்கொண்ட விடையாக இக்கதையைக் கொள்ளலாம்.

18ஆம் நூற்றாண்டின் தாயுமானவர் என்ற சைவ ஞானி இவ்விறைவனின் பெயரையே தாங்கியவர். திருச்சியில் ஆட்சி செய்த விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் பணிபுரிந்து, பின் துறவு பூண்டவர் அவர்.

உச்சிப் பிள்ளையார்

மலையுச்சியில் உள்ள பிள்ளையார் கோயில் அளவில் சிறியது. இராமனிடமிருந்து பெற்ற திருவரங்கநாதரின் வடிவை இலங்கைக்கு எடுத்துச் சென்ற வீடணன், காவிரியில் நீராட விரும்பி, அங்கிருந்த சிறுவனிடம் அதைத் தந்தான். சிறுவன் அதைத் தரையில் வைத்துவிட, அது அங்கேயே நிலைத்தது. சினந்து துரத்திய வீடணன் மலையுச்சியில் சிறுவனின் நெற்றியில் குட்டினான். அச்சிறுவனே பிள்ளையார் என்பது கதை. மலையையும் திருவரங்கத் தீவையும் ஆற்றின் குறுக்கே இணைக்கும் கதை இது. விநாயகர் சதுர்த்தியன்று உச்சிப் பிள்ளையாருக்கும் அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கும் மிகப் பெரிய கொழுக்கட்டை செய்து படைப்பர். கார்த்திகைத் திருநாளில் உச்சியில் ஏற்றப்படும் தீபம் நகரம் முழுவதும் தெரியும்.

கோட்டையாகிய மலை

16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் மலையைச் சுற்றிக் கோட்டை வலுப்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றினார். அடிவாரத்துத் தெப்பக்குளமும் சுற்றிய வீதிகளும் நாயக்கர் கால நகர அமைப்பைக் காட்டுகின்றன.

18ஆம் நூற்றாண்டில் மலை மீண்டும் போர்க்களமானது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முகமது அலிக்கு ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751இல் திருச்சியை நோக்கி வந்த சந்தா சாகிபின் படை, இன்றைய பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரம் பகுதியில் ஆங்கிலப் படையுடன் மோதியது. அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டை அக்காலத்தை நினைவூட்டி இன்றும் நிற்கிறது. அங்கிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படை திருச்சிக் கோட்டைக்குள் வந்தது, முற்றுகை தொடங்கியது. 1752இல் திருவரங்கத் தீவில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் ஆதிக்கம் ஓங்க இந்தத் திருச்சிப் போர்கள் முக்கியக் காரணமாயின. 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது.

நகரம் வளர்ந்தபோது 19ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டன. 'மெயின் கார்டு கேட்' எனப்படும் வாயில் மட்டும் நினைவாக நிற்கிறது. கோட்டை போய்விட்டாலும் மலைக்கோட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இன்றைய நிலை

கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளன. குடைவரைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. உச்சிப் பிள்ளையாரை வணங்க நாள்தோறும் ஏராளமானோர் படியேறுகின்றனர். அவர்களுள் பலர் பல்லவர் குடைவரையை நின்று பார்ப்பதில்லை. வழிபாடு நடைபெறாத இடம் என்பதால் அது கவனத்துக்கு வராமல் போகிறது.

கல்வெட்டு கல்லில் இருப்பதாலேயே அழியாதது என்று நினைக்கக் கூடாது. எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கும், வெள்ளையடிப்பும், ஆணியால் பெயர் கீறும் பழக்கமும் ஒரு சொல்லை என்றென்றைக்கும் இல்லாமல் செய்துவிடக் கூடும். ஒரு சொல்லின் பொருளை வைத்தே ஓர் அரசனின் சமயம் பற்றி நூறாண்டுக்கு மேல் விவாதம் நடந்திருப்பதை மேலே கண்டோம். ஓர் எழுத்து மறைந்தால் அந்த விவாதத்தைத் தொடர வழியில்லை.

மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாகச் செல்லும்போது முதலில் தென்புற அடிவாரத்துக் கீழ்க் குடைவரையையும், பின் படியேறித் தாயுமானவர் கோயிலையும், அதன்பின் மேல் குடைவரையையும், இறுதியில் உச்சியையும் காண்பது நல்லது. கங்காதரர் சிற்பத்தைப் பார்த்துவிட்டு உச்சிக்குச் சென்று வடக்கே நோக்கினால், செய்யுளில் சிவன் காண விரும்பியதாகச் சொல்லப்பட்ட காவிரி கண்முன்னே தெரியும். கோடையில் பெரும்பாலும் மணல். தண்ணீர் திறந்துவிட்டபின் கரை தொட்ட வெள்ளம். பல்லவர், பாண்டியர், சோழர், நாயக்கர், நவாபு, கம்பெனி என உரிமை கொண்டாடியோர் அனைவரும் போய்விட்டனர். அவர்கள் எழுதியதும் செதுக்கியதும் மலையில் எஞ்சியுள்ளன. அவற்றைக் கெடாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது இப்போது மலையேறுவோரின் பொறுப்பு.